அடைக்கோழியை வைத்துக் குஞ்சு பொரிக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோழி அடையில் உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு வரும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்து முட்டை வைத்து மூன்றே குஞ்சு கிடைத்தது என்று நொந்துகொள்பவர்களைக் கேட்டால், பழி நேராகக் கோழி மேல்தான் விழும். "ஒழுங்காக உட்காரவில்லை" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் முட்டை பழசாக இருந்திருக்கும், கூட்டில் பேன் ஏறியிருக்கும், மற்ற கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிட்டிருக்கும், இல்லையென்றால் ஆர்வத்தில் நாமே ஓயாமல் கையை விட்டுப் பார்த்திருப்போம். நம் வேலை கோழி உட்காருவதற்கு முன்பும், குஞ்சு வந்த பிறகும்தான் அதிகம். நடுவில் இருக்கும் மூன்று வாரத்தைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

அடைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்

முட்டையிடப் போன கோழி அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். வராமல் அங்கேயே கிடந்தால் சந்தேகப்படலாம். இருட்டியதும் மற்ற கோழிகளெல்லாம் கம்பில் ஏறி அடைந்த பிறகும் அது மட்டும் கூட்டை விட்டு நகராமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு இரவு தொடர்ந்து கூட்டிலேயே தங்குவதுதான் இருப்பதிலேயே நம்பகமான அடையாளம்.

கையை அருகில் கொண்டுபோனால் உடம்பைத் தரையோடு தட்டையாக்கிக்கொண்டு, இறகு முழுவதையும் சிலிர்த்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் விடும். கொத்தவும் கொத்தும். கீழே இறக்கி விட்டால் வாலை விரித்துக்கொண்டு 'கொக் கொக்' என்று ஒரே சீராகச் சத்தம் போட்டபடி சுற்றும், பிறகு கூட்டுக்கே ஓடும். நெஞ்சுக்கு அடியில் மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். இறகு கழன்று தோல் வெறுமையாக, நல்ல சூடாக இருக்கும். முட்டைக்குச் சூடு நேரடியாகப் போவதற்காகக் கோழியின் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

இதெல்லாம் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதால் நடப்பது. பகல் நீளுவது, வெயிலின் கதகதப்பு, கூட்டில் முட்டை சேர்ந்து கிடப்பது ஆகிய மூன்றும் அதைத் தூண்டும். அடைக்கு வந்தால் முட்டையிடுவது நின்றுவிடும். எல்லா இனமும் ஒரே மாதிரி இல்லை. சில்க்கி, கொச்சின், அசில் போன்றவை அடிக்கடி அடைக்கு வரும். லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அந்தக் குணம் ஏறக்குறைய போய்விட்டது. அவற்றை வைத்துக்கொண்டு அடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

முதல் தடவை அடைக்கு வரும் இளம் கோழியை உடனே நம்பி நல்ல முட்டைகளைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் வெற்று முட்டைகளை வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் முட்டை இருந்தாலும் சரி, சமையலுக்கு வைத்திருந்த நாலு முட்டையானாலும் சரி. அசையாமல் உட்கார்ந்திருந்தால் அப்புறம் உண்மையான முட்டைகளுக்குப் போகலாம்.

முட்டை தேர்வு: பாதி வெற்றி இங்கேதான்

சேவல் சேராத முட்டையில் எந்தக் கோழி உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. சொல்லவே வேண்டாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் கடையில் வாங்கிய முட்டையை அடைவைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்பவர்கள் உண்டு. எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலைப் புதிதாகக் கூட்டத்தில் விட்டிருந்தால் பத்து நாளாவது கழித்து முட்டை சேகரியுங்கள். சேவலைப் பிரித்துவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கருக்கூடிய முட்டை கிடைத்துக்கொண்டிருக்கும்.

வயது ரொம்ப முக்கியம். ஏழு நாளுக்குள் இட்ட முட்டையாக இருந்தால் நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பு நாளுக்கு நாள் குறையும். சேர்த்து வைக்கும் இடம் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் சிறப்பு. அந்த அளவுக்கு முடியாவிட்டால் வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த, வெயில் படாத மூலை. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அது கருவுக்கு அளவுக்கு மீறிய குளிர். கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். காற்றறை அகன்ற முனையில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து குலுங்கி வந்த முட்டையாக இருந்தால் அடைவைக்கும் முன் ஒரு நாள் அப்படியே அசையாமல் விட்டுவிடுங்கள்.

கழுவக் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் இருக்கின்றன. மேலே ஒரு மெல்லிய படலம் அவற்றைக் காக்கிறது. கழுவினால் படலம் போய், நீரோடு கிருமியும் உள்ளே இழுபடும். ஒட்டியிருக்கும் சிறு அழுக்கைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். எச்சம் அப்பியது, விரிசல் விட்டது, ஓடு மெலிந்தது, கோணலானது, அளவுக்கு மீறிப் பெரியது எல்லாவற்றையும் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். பெரிய முட்டை பெரும்பாலும் இரட்டைக் கரு. அதிலிருந்து குஞ்சு வருவது மிக அபூர்வம்.

எத்தனை வைக்கலாம்? கோழி இறக்கையை விரித்து உட்காரும்போது ஒரு முட்டை கூட வெளியே தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. சிறிய கோழிக்கு எட்டு, பெரிய கோழிக்கு பன்னிரண்டு என்பது பொதுவாகச் சரிவரும். ஆசைப்பட்டு பதினைந்து வைத்தால் கூடுதல் மூன்று மட்டும் கெடும் என்று நினைக்காதீர்கள். கோழி முட்டைகளை நாள் முழுக்க இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்கு வரும், வேறொன்று ஓரத்துக்குப் போகும். கடைசியில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டு நிற்கும்.

வைக்கும் முன் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மை வேண்டாம். கோடு இல்லாத முட்டை கூட்டில் தென்பட்டால் அது பின்னால் வேறு கோழி இட்டது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

கூடு

அடைக்கோழியை மற்ற கோழிகளிடமிருந்து பிரிக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் அப்புறம் தொல்லை. பொதுவான முட்டைப் பெட்டியில் உட்கார்ந்தால் மற்றவை உள்ளே நுழைந்து சண்டை போடும், முட்டை உடையும், தினமும் புது முட்டை சேரும். இரை தின்னப் போன கோழி திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பெட்டியில் ஏறி வெறும் வைக்கோலை அடைகாத்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் முட்டை ஜில்லிட்டுப் போகும்.

தரை மட்டத்தில், அரையிருட்டான, காற்றோட்டம் உள்ள மூலையாகப் பாருங்கள். 35 முதல் 40 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, முன்னால் ஒரு கையகல உயரத்தில் தடுப்பு. அடியில் உலர்ந்த மண்ணோ மணலோ பரப்பி நடுவில் லேசாகக் குழித்துவிட்டு, மேலே வைக்கோல் போடுங்கள். குழி ரொம்ப ஆழமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தட்டையாக இருந்தால் ஓரத்துக்கு உருண்டு போகும். தண்ணீரும் தீவனமும் கூட்டுக்குள் வேண்டாம், நாலு எட்டு தள்ளி வையுங்கள். உட்கார்ந்தபடியே எட்டித் தின்ன முடிந்தால் கோழி எழுந்திருக்காது. அங்கேயே எச்சமிட்டு முட்டையை நாசமாக்கும். பக்கத்தில் மண்ணில் புரள ஒரு இடமும் இருக்கட்டும். எலி, பாம்பு, பூனை நுழைய முடியாதபடி சின்னக் கண் உள்ள கம்பிவலை அடிப்பது கட்டாயம். கோழி வலையைப் பெயரை நம்பி வாங்காதீர்கள், அதன் பெரிய கண் வழியாக எலி சாவகாசமாக உள்ளே வரும்.

பேன் விஷயத்துக்கு வருவோம். மூன்று வாரம் அசையாமல் உட்காரும் கோழி, இரத்தம் குடிக்கும் பூச்சிகளுக்குச் சாப்பாடு தயாராக இருக்கும் இடம். பேன் உடம்பிலேயே இருக்கும்; இறக்கைக்கு அடியிலும் மலவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்த்தால் ஓடுவது தெரியும். சிவப்பு உண்ணி அப்படியில்லை. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில்தான் வரும். அதனால் இருட்டியபின் டார்ச்சோடு போய்க் கூட்டின் மூலை முடுக்குகளைப் பாருங்கள். வெள்ளைத் துணியால் இடுக்கைத் துடைத்தால் சிவப்புக் கறை பட்டாலும் அதுதான். உண்ணி பெருகினால் கோழி அடையைப் போட்டுவிட்டு ஓடும். ஓடாமல் இருந்தால் இரத்தம் குறைந்து உட்கார்ந்த இடத்திலேயே செத்தும் போகலாம். மருந்துப் பொடி எதுவானாலும் கோழிக்கென்று உள்ளதை, முட்டை வைப்பதற்குச் சில நாள் முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

முட்டை மேல் உட்கார வைப்பது

பகலில் செய்யாதீர்கள். நன்றாக இருட்டியபின் கோழியை இரண்டு கையாலும் தூக்கிப் புதுக் கூட்டில், வெற்று முட்டைகள் மேல் விடுங்கள். மறுநாள் அங்கேயே நிம்மதியாக இருந்தால், அடுத்த இரவு வெற்று முட்டையை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கடியில் தள்ளிவிடலாம். கொத்து வாங்கத் தயாராக இருங்கள். முழுக்கைச் சட்டை உதவும்.

எல்லா முட்டையும் ஒரே இரவில் வைக்க வேண்டும். இன்று ஆறு, நாளை மறுநாள் நாலு என்று வைத்தால் முதல் குஞ்சுகளோடு கோழி இறங்கிப் போய்விடும், பின்னால் வைத்தவை உயிரோடு கைவிடப்படும். கோழி முட்டையோடு வாத்து முட்டையைக் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வாத்துக்கு 28 நாள் ஆகும். வாத்து முட்டையை மட்டும் தனியாக வைத்தால் பெரும்பாலான கோழிகள் அலுத்துக்கொள்ளாமல் உட்காரும். வைத்த தேதியைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

அந்த 21 நாள்

நல்ல அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை எழுந்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, பெரிய உருண்டையாக எச்சமிட்டுவிட்டுத் திரும்பும். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த எச்சம் என்பதால் நாற்றம் குடலைப் பிடுங்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். கொண்டை வெளுப்பதும் உடம்பு இளைப்பதும் இயல்புதான். இந்த நாட்களில் முழுத் தானியம் கொடுத்தால் வயிற்றில் நிற்கும், கழிச்சலும் ஆகாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு நாளாக எழுந்ததற்கான அடையாளமே இல்லையென்றால் நீங்களே தூக்கி இறக்கிவிடுங்கள். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முட்டை அங்கே சிக்கியிருக்கலாம், அப்படியே தூக்கினால் கீழே விழுந்து உடையும்.

கோழி ஒருமணி நேரம் வெளியே இருந்துவிட்டது, முட்டை தொட்டால் குளிர்கிறது என்றால் உடனே எடுத்து வீசாதீர்கள். கரு நாம் நினைப்பதைவிடக் கெட்டி. திரும்ப உட்கார வைத்துவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள். உடைந்த முட்டையையும் நனைந்த வைக்கோலையும் மட்டும் அன்றைக்கே அகற்றிவிட வேண்டும். கடும் வெயில் நாளில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலையும் காற்றையும் கூட்டுங்கள்.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். உயிர் இருந்தால் மெல்லிய சிவப்பு நரம்புகள் கிளை பிரிந்து ஓடும். நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், கொஞ்சம் பொறுத்தால் அது துள்ளும். முதல் தடவை பார்ப்பவர்கள் அடுத்த முட்டையை எடுக்க மறந்துவிடுவார்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கூடவில்லை. ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு தொடங்கி இறந்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். பழுப்பு ஓடு கெட்டியாக இருந்து சரியாகத் தெரியாவிட்டால் விட்டுவைத்து, 14-ஆம் நாள் இன்னொரு முறை பாருங்கள். அப்போது காற்றறையைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாக இருக்க வேண்டும். கூமுட்டையை உள்ளேயே விட்டால் அழுகி வாயு சேர்ந்து வெடிக்கும். நாற்றத்தோடு கிருமி மற்ற முட்டைகளிலும் படும்.

இரண்டு தடவை பார்த்தால் போதும். 18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம்.

குஞ்சு வரும் நேரம்

20-ஆம் நாள் வாக்கில் கூட்டருகே காது கொடுத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். கோழியும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். பிறகு அகன்ற முனைப் பக்கம் ஓட்டில் ஒரு சின்ன விரிசல் விழும். அதிலிருந்து குஞ்சு முழுசாக வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் பொறுமை இழந்து ஓட்டை உரிக்கிறார்கள். உரிக்காதீர்கள். விரிசல் விட்டுவிட்டுச் சும்மா கிடப்பதுபோலத் தெரியும் குஞ்சு, அப்போது உள்சவ்வில் ஓடும் இரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியும் முன் உரித்தால் இரத்தம் கசியும், குஞ்சு பிழைக்காது.

அந்த மஞ்சள் கரு உள்ளே போவதால் பிறந்த குஞ்சு இரண்டு நாள் வரை தின்னாமல் தாங்கும். ஆகவே கோழி இறங்கவில்லையே, குஞ்சு பட்டினி கிடக்கிறதே என்று தவிக்க வேண்டாம். மற்ற குஞ்சுகளும் வெளியே வரட்டும் என்றுதான் கோழி காத்திருக்கிறது. உடைந்த ஓடுகளை மட்டும் எடுத்துவிடலாம். 23-ஆம் நாள் வரை பார்த்துவிட்டு மீதி முட்டைகளை அப்புறப்படுத்துங்கள். சத்தமோ விரிசலோ உள்ள முட்டையை விட்டுவிட்டுக் கோழி இறங்கிவிட்டால், இன்னொரு அடைக்கோழிக்கு அடியில் வையுங்கள், அல்லது 37.5 டிகிரியில் இருக்கும் இன்குபேட்டரில் வையுங்கள்.

முதல் குஞ்சு வரும்போது ஒரு கண் வைத்திருங்கள், முக்கியமாக முதல் தடவைக் கோழியாக இருந்தால். மெதுவாக அலகால் தொடுவது பழகுவதற்காக. தலையைக் குறிவைத்து ஓங்கிக் கொத்தினால் குஞ்சுகளை எடுத்துவிட வேண்டியதுதான். பல்பு வெளிச்சத்தில் 35 டிகிரி சூட்டில் வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். வெளியில் வாங்கிய குஞ்சுகளைச் சேர்ப்பதாக இருந்தால் தன் குஞ்சு பொரித்த ஓரிரு நாளுக்குள், அதே வயதுக் குஞ்சுகளை, இருட்டில் கோழிக்கடியில் விடுங்கள்.

தாயும் குஞ்சும்

தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்க வேண்டும். அதிலும் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். ஒரு விரல் ஆழத் தண்ணீரில் குஞ்சு மூழ்கிவிடும். தீவனம் குஞ்சுத் தீவனம்தான், கிட்டத்தட்ட 20 சதவீதம் புரதம் உள்ளது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் குஞ்சும் ஒரே தட்டில்தான் தின்னும், ஆகவே தாய்க்கும் சேர்த்துக் குஞ்சுத் தீவனத்தையே போட்டுவிடுங்கள். முட்டையிடாத கோழிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

தரை ஈரமாக இருக்கக் கூடாது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இரத்தக் கழிச்சல் வருவதற்கு ஈரப் படுக்கைதான் வாசல். குஞ்சு தோளைக் குறுக்கிக்கொண்டு தூங்கி வழிந்தால், எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து உண்டு, தாமதித்தால் பலன் குறையும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுவார்கள். எந்த நாள், எத்தனை தடவை என்பதையும் மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் மற்ற கோழிகளோடு கலக்க விடாமல், காகமும் பருந்தும் வராதபடி மேலே மூடிய இடத்தில் வைத்திருந்தால் இழப்பு வெகுவாகக் குறையும். ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்க ஆரம்பிக்கும். அது கோபமில்லை, மறுபடி முட்டையிடத் தயாராகிறது.

குஞ்சு வேண்டாம் என்றால்

அடைக்கு வந்த எல்லாக் கோழியையும் உட்கார வைக்க வேண்டியதில்லை. தெளிய வைக்க, அடியில் கம்பிவலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். உள்ளே வைக்கோல் எதுவும் வேண்டாம், தீவனமும் தண்ணீரும் மட்டும். அடிவயிற்றில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் கூட்டுக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள். தண்ணீரில் முக்கி எடுப்பது, பட்டினி போடுவது எல்லாம் வேண்டாத கொடுமை. முதல் நாளே கவனித்துத் தொடங்கினால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் உட்கார்ந்த பிறகு என்றால் பிடிவாதம் கூடியிருக்கும்.

சில கோழிகள் குஞ்சுகளை விலக்கிய சில வாரத்திலேயே மறுபடி அடைக்கு வரும். நன்றாகப் பொரித்த கோழிதானே என்று உடனே முட்டை வைக்கத் தோன்றும். மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை போலக் கூராகக் கைக்குத் தட்டினால் உடம்பு இன்னும் தேறவில்லை. அந்தத் தடவை தெளிய வைத்துவிட்டு, சதை பிடித்து, ஒரு சுற்று முட்டையிட்டு முடித்த பிறகு அடுத்த அடைக்கு விடுங்கள்.